மூன்றாவது முடிச்சுக்கு ஒரு முகம்

“உனக்கு எதுக்குடி அதெல்லாம்? சோறு துன்னமா, மாத்திரையப் போட்டமா, படுத்தமான்னு இல்லாம, ‘ஆயா, ஒன் மூஞ்சி எப்ப மாறிச்சி, எப்டி மாறிச்சி’ன்னு நோண்டிக்கினே கீற. ஏன், எம் மூஞ்சில இன்னா கொறச்சலக் கண்ட?”

இப்படித்தான் என் பேத்தியைத் திட்டினேன். பேத்தி என்றால் வயிற்று வழிப் பேத்தி இல்லை. என் வயிற்றுக்குப் பசிக்க மட்டும்தான் தெரியும். என்னைப் போலவே ஆணாகப் பிறந்து பெண்ணாக வாழ வந்தவள் அவள். எனக்கு மகளாக வந்த ஒருத்திக்கு மகளாக வந்தவள். அந்த உறவில் பேத்தி. டாக்டரிடம் காட்டி, ரத்தம் சோதித்து, அவர் எழுதிக் கொடுக்கும் ஹார்மோன் மாத்திரையை விழுங்குகிறாள். முதல் மாத்திரை தொண்டையில் இறங்குவதற்குள் போனை எடுத்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டாள். ஒரகடத்தில் ஷிப்ட்டுக்குப் போகிற கம்பெனி பஸ்ஸிலும் அதே வேலை. இந்தப் பக்கம் திரும்பி ஒரு போட்டோ, அந்தப் பக்கம் திரும்பி ஒரு போட்டோ. கன்னம் என்ன, ஏரித் தண்ணீரா, மழை பெய்த மறுநாள் ஏறுவதற்கு?

திட்டினேனே தவிர, அவள் கேட்டதிலிருந்து எனக்கும் இருப்புக் கொள்ளவில்லை. அந்தப் பழைய அரிப்பு திரும்பி வந்துவிட்டது. பாத்திரம் தேய்க்கும்போது தட்டில் முகம் பார்க்கிறேன். இந்த வயசில் தட்டில் தெரிவது என் முகமா, நசுங்கின சொம்பா என்றே தெரியவில்லை. சரி, சொல்லித் தொலைக்கிறேன்.

எண்பதுகளில் நடந்தது. அப்போது நான் ஸ்ரீபெரும்புதூர் தாண்டி, பெங்களூர் ரோட்டில் லாரிகள் நிற்கிற இடத்தில் ஒரு ஆப்பக்கடையில் இருந்தேன். கடைக்குச் சொந்தக்காரி என்னைப் போலவே மாறி வந்தவள், எனக்கு ரொம்ப மூத்தவள். வீட்டைவிட்டு ஓடி வந்த என்னை மகளாக எடுத்துக்கொண்டவள். ஆப்பக்கடை அம்மா என்று நான் சொன்னால் அவள். வெறும் அம்மா என்றால் பெற்றவள். குழப்பிக்கொள்ளாதீர்கள். எனக்கு இரண்டு அம்மா இருந்தும் இரண்டு பேரிடமும் நல்ல பெயர் வாங்கியதில்லை.

எனக்கு வாய்த்தது அப்பா முகம். அகலமான தாடை, புடைத்த மூக்கு, எண்ணெய் வழிகிற நெற்றி. அப்பா செத்துப் போய்ப் பல வருஷம் ஆகியும் என் கழுத்துக்கு மேலே ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்றார். புடவை கட்டி, பொட்டு வைத்து, பூ வைத்துக் கண்ணாடியில் பார்த்தால் அங்கே அப்பா பூ வைத்துக்கொண்டு முறைப்பார். சிரித்தால் அவரும் சிரிப்பார். அது இன்னும் மோசம்.

என் அண்ணன் கிரஷரிலிருந்து ஜல்லி ஏற்றுகிற லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். எங்கள் வீட்டில் நான் இருக்கிற இடம் தெரிந்தவன் அவன் ஒருத்தன்தான். வாரத்துக்கு ஒருமுறை வருவான். லாரியை ஓரம் கட்டிவிட்டுத் தேங்காய்ப்பாலும் ஆப்பமும் சாப்பிடுவான். என் முகத்தைப் பார்க்க மாட்டான். ரோட்டைப் பார்த்துக்கொண்டே பேசுவான். அன்றைக்கும் ரோட்டிடம்தான் சொன்னான்.

“பொண்ணு பாத்துக்கீது.”

“யாருக்கு, உனக்கா? அந்தப் பொண்ணுக்குக் கண்ணு தெரியுமா?”

“பொண்ணுக்கு ஊரு மண்ணூரு. குன்றத்தூர் மலைல வெச்சி கல்யாணம். பேசி முடிச்சாச்சி.”

“அப்ப மூணாவது முடிச்சு?”

எங்கள் பக்கம் தாலி கட்டும்போது மாப்பிள்ளை இரண்டு முடிச்சு போடுவான். மூன்றாவது முடிச்சைப் பெண்ணுக்குப் பின்னால் நின்று நாத்தனார் போடுவாள். மாப்பிள்ளையோடு கூடப்பிறந்தவள் போட வேண்டிய முடிச்சு அது. சின்ன வயசில் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் எல்லாரும் தாலியைப் பார்ப்பார்கள், நான் அந்த மூன்றாவது முடிச்சு போடுகிற கையைப் பார்ப்பேன்.

“சித்தி பொண்ணு போடும்” என்றான் அண்ணன்.

“கூடப் பொறந்தவ நான் உசுரோட கீறசொல்ல சித்தி பொண்ணு இன்னாத்துக்கு?”

அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் ஆப்பத்தைப் பிய்த்துப் பாலில் முக்கினான். முக்கினான், முக்கினான், அது கரைந்தே போய்விட்டது.

“டேய், தப்பா நெனச்சிக்காத. உம் மூஞ்சப் பாத்தா அப்பாரு மூஞ்சி கீதுடா. அப்பாரு பொடவ கட்டிக்கினு வந்து நின்னா எப்டி கீதும்? பொண்ணூட்டுக்காரன் சிரிச்சிட்டான்னா அம்மா கெணத்துல குதிச்சிரும்.”

“மூஞ்சி மாறிச்சின்னா?”

“மாறட்டும். பாக்கறவன் ரெண்டாந்தரம் திரும்பிப் பாக்காத மாரி மாறட்டும். அப்ப வா. அம்மா கைல நானே பேசறேன்.”

மூஞ்சி என்ன சட்டையா, மாற்றிக்கொண்டு வர? அந்தத் தையிலேயே கல்யாணம் என்றிருந்தால் கதை முடிந்திருக்கும். ஆனால் அந்தப் பெண்ணின் தாத்தா போய்விட்டார். வருஷம் திரும்பாமல் நல்ல காரியம் கூடாது என்று அடுத்த தைக்குத் தள்ளி வைத்தார்கள். அந்தத் தாத்தாவை நான் கண்ணால் பார்த்ததில்லை. ஆனாலும் எனக்கு அவ்வளவு தோதான நேரம் பார்த்துச் செத்த மனுஷன் வேறு யாரும் கிடையாது. இன்றைக்கும் அமாவாசைக்குக் காக்கைக்குச் சோறு வைக்கும்போது அவர் பங்குக்கு ஒரு உருண்டை சேர்த்து வைக்கிறேன்.

அந்த ஒரு வருஷத்தில் எனக்கு ஒரு முகம் வேண்டும். மெட்ராஸிலிருந்து வந்த எங்கள் ஆள் ஒருத்தி சொல்லியிருந்தாள், பொம்பளைகள் பிள்ளை வேண்டாம் என்று போடுகிற மாத்திரையை நாம் போட்டால் தோல் மெத்தென்று ஆகும், முகத்தில் சதை பிடிக்கும் என்று. அந்த மாத்திரையை நர்சம்மா ஒருத்தர் ஊர் ஊராகப் போய்ச் சும்மாவே கொடுத்துக்கொண்டிருந்தார். கல்யாணமான பொம்பளைகளுக்கு மட்டும். நான் போய்க் கை நீட்ட முடியுமா?

கடைக்குப் பின்னால் ஒரு தெரு. அங்கே இருந்த பொம்பளைகள் நர்சம்மா மனசு கோணக்கூடாது என்று மாத்திரையை வாங்கிக்கொள்வார்கள். விழுங்க மாட்டார்கள். வயிறு வெந்துபோகும் என்று மாமியார்கள் பயமுறுத்தி வைத்திருந்தார்கள். வாங்கின அட்டையெல்லாம் கூரை ஓலையில் செருகிக் கிடந்தது. நான் ஒரு ரோசாக் குச்சியைக் கொண்டுவந்து கடைக்குப் பின்னால் நட்டேன். அப்புறம் தெருவுக்குள் போனேன்.

“எக்கா, அந்த மாத்திரையக் கரைச்சி வேருல ஊத்தினா ரோசா கொத்து கொத்தா பூக்குமாம். சும்மா கெடக்கறத குடேன்.”

“மெய்யாலுமா? பூத்தா எனக்கு ஒரு பூவு தர்ணும்.”

“உனக்கு இல்லாத பூவா? மொத பூவு உனக்குத்தான்.”

ஒவ்வொருத்தியிடமும் முதல் பூவு உனக்குத்தான் என்று சொன்னேன். அட்டை அட்டையாக வந்தது. செடிக்கு நான் பாத்திரம் கழுவின தண்ணீர்கூட ஒழுங்காக ஊற்றவில்லை. எல்லாம் என் வயிற்றுக்குத்தான் போனது.

ஆரம்பத்தில் முகம் மாறவில்லை, வாய்தான் மாறியது. எதைத் தின்றாலும் குமட்டல். மாவு வாசனைக்கே ஓடிப்போய் ரோட்டோரம் உட்கார்ந்துகொள்வேன். தலை சுற்றும். எதற்கென்று தெரியாமல் அழுகை வரும். லாரிக்காரன் இன்னொரு ஆப்பம் கேட்டால்கூட அழுகை. அப்புறம் மெல்ல எண்ணெய் போனது. வடை மடித்த காகிதம் மாதிரி இருந்த நெற்றி காய்ந்தது. அப்புறம் தோல். கன்னத்தில் விரலை வைத்தால் மெதுவாக உள்ளே போய் மெதுவாக வெளியே வந்தது. எனக்கே கூச்சமாக இருந்தது, யாரோ வேற்று மனுஷி கன்னத்தைத் தொடுகிற மாதிரி. அதற்கு அப்புறம்தான் கண்ணுக்குக் கீழே கொஞ்சம் சதை வந்தது. குழி விழுந்த இடம் மேடானது.

ஆனால் தாடி மட்டும் மாத்திரையை மதிக்கவே இல்லை. வரிந்து கட்டிக்கொண்டு வந்தது. அதற்கு எங்களிடம் சிம்டா இருந்தது, முடி பிடுங்குகிற இடுக்கி. மத்தியானம் கடை ஓய்ந்ததும் ஆப்பக்கடை அம்மா என் தலையை மடியில் சாய்த்து, அடுப்புச் சாம்பலைத் தாடையில் தடவி, ஒவ்வொன்றாகப் பிடுங்குவாள். கண்ணில் தண்ணீர் கொட்டும். அவளோ கோழிக்கு இறகு பிடுங்குகிறவள் மாதிரி ஊர்க்கதை பேசிக்கொண்டிருப்பாள்.

“எம்மா, வலிக்கிதும்மா.”

“வலிக்கட்டும். ஒங்கப்பன் மசுருடி இது, லேசுல வருமா?”

மூக்கும் அசையவில்லை. தாடை எலும்பும் அசையவில்லை. எலும்பை மாத்திரை தொடாது என்று அப்போது எனக்கு யாரும் சொல்லவில்லை. காலையில் எழுந்ததும் மூக்கைப் பிடித்துப் பார்ப்பேன், கொஞ்சமாவது உருகியிருக்கிறதா என்று. சுருங்கவே சுருங்காது. சளி பிடித்தால் இன்னும் பெரிதாகும்.

பாதி வெந்த முகத்தோடு இருப்பது போன்ற அவஸ்தை வேறு இல்லை. காலையில் பார்த்தால் மாறியிருக்கும். மத்தியானம் பார்த்தால் பழையபடி அப்பா உட்கார்ந்திருப்பார். வெளிச்சம் மாறினால் முகம் மாறும். ஆப்பம் ஊற்றிவிட்டு ஓடிப்போய்க் கண்ணாடி பார்ப்பேன். வருவதற்குள் ஆப்பம் கருகும். ஆப்பக்கடை அம்மா கண்ணாடியைத் தூக்கி அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்துவிட்டாள்.

“மாவு பொங்கறதுக்குள்ள மூடிய தொறந்து தொறந்து பாத்தா பொங்குமாடி? மூடி வெச்சிட்டு சும்மா கெட!”

சும்மா கிடந்தேனா? டம்ளரில் பார்த்தேன். கிணற்றில் பார்த்தேன். நிற்கிற லாரி எல்லாவற்றிலும் பக்கவாட்டுக் கண்ணாடியில் பார்த்தேன். ஒருநாள் டிரைவர் உள்ளேயே படுத்திருந்தான், எனக்குத் தெரியவில்லை. நான் கண்ணாடியில் தாடையை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டிருந்தபோது எழுந்தான்.

“இன்னாபா, கண்ணாடியக் கழட்டிக்கினு பூடப் போறியா?”

‘இன்னாபா’ என்றான். ‘இன்னாம்மா’ என்று சொல்லவில்லை. அன்றைக்கு ஊற்றின ஆப்பம் ஒன்றுகூட வட்டமாக வரவில்லை.

கண்ணாடியை நம்பிப் பயனில்லை, வேறு யாராவது சொல்ல வேண்டும். தெரிந்தவர்கள் சொன்னால் அது பரிதாபத்துக்குச் சொல்வது. தெரியாதவர்கள் சொல்ல வேண்டும். அப்படி எனக்குக் கிடைத்தவள்தான் குன்றத்தூர் மலை அடிவாரத்தில் படிக்கட்டுக்குப் பக்கத்தில் கூடை வைத்துப் பூ விற்கிற கிழவி. கிருத்திகைக்குக் கிருத்திகை மலைக்குப் போவேன். முருகனைப் பார்க்க என்று கடையில் சொல்வேன். முருகன் மேலே இருந்தார்; நான் பார்க்கப் போனது கீழே இருந்தவளை. ஆம்பளை வந்தால் “தம்பி, சாமிக்கு மாலை” என்பாள். பொம்பளை வந்தால் “வா மவளே, தலைக்கு வெச்சிக்க” என்பாள். அவ்வளவுதான் அவள் வியாபாரம். எனக்கு அது கோர்ட்டு.

முதல் தடவை புடவை, வளையல், மை எல்லாம் போட்டுக்கொண்டு போய் நின்றேன்.

“தம்பி, சாமிக்கு மாலை.”

படியேறாமலே திரும்பி பஸ் பிடித்தேன். முருகன் கோபித்துக்கொண்டிருப்பார். அப்புறம் சில கிருத்திகைக்கு அதே தம்பிதான். ஐப்பசி மழையில் குடை பிடித்துக்கொண்டு போனபோது வாயைத் திறந்தவள் அப்படியே நின்றாள். “த...” என்றாள். “ம...” என்றாள். அப்புறம் பொதுவாக, “பூவு, பூவு” என்றாள். அந்த ஒரு தடுமாற்றத்துக்காக அவள் காலில் விழலாம் போலிருந்தது. தம்பியிலிருந்து கிளம்பிவிட்டேன், மவளே இன்னும் வரவில்லை, நடு ஆற்றில் நிற்கிறேன்.

இதற்கு நடுவே நர்சம்மா ஒருநாள் கடைக்கு ஆப்பம் சாப்பிட வந்தார். படித்தவர், மெதுவாகப் பேசுவார். அன்றைக்கு ரொம்பச் சலித்துப்போய் உட்கார்ந்தார்.

“இந்தத் தெருவுல அத்தன பேருக்கும் மாத்திரை குடுக்கறேன். அத்தன பேரும் முழுகாம இருக்காங்க. மாத்திரைல என்ன கோளாறுன்னே தெரியல. எனக்கு மேல இருக்கறவங்க கேக்கறாங்க, என்ன பதில் சொல்றது?”

நான் தேங்காய்ப்பாலை ஊற்றினேன். அவர் என் கையைப் பார்த்தார். கை வழியாக மேலே வந்து கழுத்தைப் பார்த்தார், கன்னத்தைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

“உனக்கு மட்டும் நல்லா வேல செய்யுது போல” என்றார்.

பால் இலையைத் தாண்டி அவர் புடவையில் கொட்டிவிட்டது. திட்டுவார், தெருவில் சொல்வார் என்று நினைத்தேன். புடவையைத் துடைத்துக்கொண்டே, “கால் வீங்குதா? நெஞ்சு அடைக்குதா? வேகமா வரட்டும்னு ரெண்டு ரெண்டா போடறியா?” என்று கேட்டார். நான் தலையை ஆட்டினேன்.

“ஒண்ணுக்கு மேல முழுங்கின, மூஞ்சி மாறும், பாக்கறதுக்கு நீ இருக்க மாட்ட. ஆஸ்பத்திரிக்கு வா, டாக்டர் பாக்கட்டும்.”

ஆஸ்பத்திரிக்குப் போனேன், ஆம்பளை வரிசையா பொம்பளை வரிசையா என்று தெரியாமல் வாசலோடு திரும்பி வந்தேன். ஆனால் இரண்டு இரண்டாகப் போடுவதை நிறுத்தினேன். அதனால்தான் என் பேத்தியிடம் சொல்கிறேன், உனக்கு டாக்டர் இருக்கிறார், வரிசை இருக்கிறது, உனக்கு என்னடி அவசரம்?

தைக்கு முந்தின கிருத்திகை வந்தது. கல்யாணத்துக்கு முன்னால் எனக்கு மிச்சம் இருந்த கடைசிக் கிருத்திகை. காலையிலேயே ஆப்பக்கடை அம்மா தாடையை இறகு பிடுங்கின கோழி மாதிரி ஆக்கி அனுப்பினாள். பஸ்ஸில் உட்கார முடியாமல் நின்றுகொண்டே போனேன். அடிவாரத்தில் இறங்கி, கிழவியின் கூடைக்கு நேராகப் போய் நின்றேன்.

“வா மவளே, தலைக்கு வெச்சிக்க.”

காதில் தேன் வந்து பாய்ந்தது என்பார்களே, எனக்குத் தேன்கூடே விழுந்தது. கையில் இருந்ததையெல்லாம் கொடுத்துப் பூ வாங்கினேன். கூந்தலில் இடம் போதவில்லை. இரண்டு படி ஏறியிருப்பேன். பின்னாலேயே அவள் குரல் கேட்டது.

“வா மவளே, தலைக்கு வெச்சிக்க.”

திரும்பிப் பார்த்தேன். கூடைக்கு முன்னால் தொப்புள்வரை தாடி வைத்த சாமியார் ஒருத்தர் நின்றுகொண்டிருந்தார். மொட்டைத் தலை வேறு. பக்கத்தில் தேங்காய் விற்கிறவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“கெயவிக்கு ரெண்டு கண்ணுலயும் பொற. மங்கிக்கினே வந்து இப்ப ஆளே தெரில. ஆம்பளையா பொம்பளையான்னு பாக்காம எல்லாரையும் மவளேங்குது.”

படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். என் முகம் மாறியதா, அவள் கண் மாறியதா? ஒரு வருஷமாக நான் ஏறின படியெல்லாம் அவள் கண்ணில் புரை ஏறின படியா? முருகனிடம் கேட்கலாம் என்றால் அவர் எல்லாருக்கும் ஒரே மாதிரி சிரிக்கிறவர்.

கடைசி வழி அண்ணன். கல்யாணத்துக்குக் கொஞ்ச நாளைக்கு முன்னால் பத்திரிகையைக் கொடுக்க வந்தான். அவன் தாடையைப் பிடித்துத் திருப்பி, முதன்முறையாக என் முகத்தைப் பார்க்க வைத்தேன்.

“சொல்லுண்ணா. ஒரு வருசமா மாத்திர துன்றேன். மாறிக்கீதா இல்லியா?”

பார்த்தான். கண்ணைச் சிமிட்டினான். மறுபடியும் பார்த்தான்.

“எனக்கு இன்னாடா தெரியும்? வாராவாரம் பாக்கற மூஞ்சி. செம்பரம்பாக்கம் ஏரில தண்ணி ஏர்றது கரைலயே குந்திக்கினு கீறவனுக்குத் தெரியுமா?”

“நீ எங்க பாத்த? நீ ரோட்டத்தான பாத்த?”

அவன் திரும்பவும் ரோட்டைப் பார்த்தான். “அம்மா கைல சொல்ல எனக்கு தெகிரியம் வர்லடா. நீ வந்துரு. ஓரமா நில்லு. அப்பால முருகன் உட்ட வழி” என்று சொல்லிவிட்டு லாரியில் ஏறிவிட்டான். இப்படி ஒரு ஜல்லி லாரி டிரைவர். ரோட்டில் போகும்போதும் இப்படித்தான், திரும்புவானா மாட்டானா என்று பின்னால் வருகிறவனுக்குத் தெரியாது.

அன்றைக்கு மலை முழுக்கக் கல்யாணம். தை மாத முகூர்த்தம். பக்கத்துக் கல்யாணத்து நாதஸ்வரம் எங்கள் கல்யாணத்து நாதஸ்வரத்தை விழுங்கிக்கொண்டிருந்தது. நான் பெண் வீட்டுப் பொம்பளைகள் பக்கம் ஒரு தூணை ஒட்டி நின்றேன். வெயில் ஏற ஏற வியர்த்தது. வியர்வையில் பவுடர் ஓடுகிறதா, சாம்பல் ஓடுகிறதா, தாடி முளைக்கிறதா என்று ஒன்றும் தெரியவில்லை. முந்தானையால் துடைக்கவும் பயம், துடைக்காமல் இருக்கவும் பயம். முன்னால் நின்ற ஒரு ஆள் திரும்பிப் பார்த்தான், எனக்குக் கீழே தரை போனது. அவன் தன் பிள்ளையைத் தேடியிருப்பான்.

அம்மா மணவறைக்குப் பக்கத்தில் பட்டுப் புடவையில் நின்றிருந்தாள். இளைத்திருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் சித்தி பெண், முடிச்சு போடத் தயாராக வளையலை மேலே ஏற்றி விட்டுக்கொண்டிருந்தாள். அந்த வளையலைப் பார்த்ததும் எனக்கு ஓடிவிடலாம் என்று இருந்தது. காலைத் திருப்பியும் விட்டேன். அப்போதுதான் அட்சதைத் தட்டோடு வந்த, கல்யாணப் பெண்ணின் பெரியம்மா என் முன்னால் நின்றாள். கண்ணில் புரை இல்லை. நன்றாகத் தெரிகிற கண். என்னைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், மறுபடியும் என்னைப் பார்த்தாள். செத்தேன் என்று நினைத்தேன்.

“சம்மந்திம்மா!” என்று கூவினாள், இரண்டு நாதஸ்வரத்தையும் தாண்டி. “பொண்ணு கீதுன்னு ஒரு வார்த்த சொல்லவே இல்லியே! ஒங்க ஜாடைய அப்டியே உரிச்சி வெச்சாப்ல கீது. கூடப் பொறந்தவள தூணாண்ட நிறுத்திட்டு வேற யாரோ முடிச்சு போட்டா எப்டி?”

அம்மா திரும்பினாள்.

என் ஜாடை அப்பா ஜாடை இல்லையா? அம்மா ஜாடையா? எனக்கே அப்போதுதான் தெரியும். ஒரு வருஷமாக நான் அப்பா இறங்கினாரா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் இறங்கின இடத்தில் யார் ஏறினார்கள் என்று பார்க்கவே இல்லை.

அம்மா என் நெற்றியைப் பார்த்தாள், கன்னத்தைப் பார்த்தாள், வாயைப் பார்த்தாள். மாமா ஒருத்தர் பலமாக இருமினார், எல்லாம் தெரிந்த இருமல். அண்ணன் மாலையோடு குனிந்து அக்கினியைப் பார்த்துக்கொண்டிருந்தான், ரோட்டைப் பார்க்கிற மாதிரி. ‘யாரோ தெரியல’ என்று அம்மா ஒரு வார்த்தை சொன்னால் போதும். எனக்கு அந்த மலையை விட்டு இறங்கக் கால் இருந்திருக்காது.

“சொல்றதுக்கு இன்னா கீது சம்மந்தி” என்றாள் அம்மா. “படா ரோஷக்காரி. ஒரு நாளு கோச்சிக்கினு வூட்ட வுட்டுப் போனவதான். வந்தா வரட்டும், வராங்காட்டி போவட்டும்னு உட்டுட்டேன்.”

அப்புறம் என்னைப் பார்த்து ஒரு அதட்டல்.

“தோ, இன்னா பராக்கு பாத்துக்கினு நிக்கிற? அய்யரு கூப்புட்றது காதுல வுழல?”

அய்யர் கூப்பிடவே இல்லை. அவர் இன்னும் மந்திரத்தில் பாதியில்தான் இருந்தார்.

எப்படிப் போனேன் என்று தெரியாது. பெண்ணுக்குப் பின்னால் நின்றேன். அண்ணன் இரண்டு முடிச்சு போட்டுவிட்டுக் கையை எடுத்தான். மஞ்சள் கயிறு என் விரலுக்கு வந்தது. அதில்தான் ஒரு தப்பு நடந்தது. நான் அதுவரை போட்டுப் பழகின முடிச்சு ஒன்றே ஒன்று, ஆப்பக்கடையில் பார்சல் கட்டுகிற முடிச்சு. லாரியில் குலுங்கினாலும் தேங்காய்ப்பால் சிந்தாத முடிச்சு. அதையே இங்கேயும் போட்டு, பழக்க தோஷத்தில் ஒரு இழுப்பும் இழுத்துவிட்டேன்.

“மெதுவா, அண்ணி” என்றாள் அந்தப் பெண், கழுத்தைக் குறுக்கிக்கொண்டு.

அண்ணி என்றாள். எங்கள் பக்கம் நாத்தனாரையும் அண்ணி என்றுதான் கூப்பிடுவார்கள். கழுத்து நெரிபடும்போது யாரும் பொய் சொல்ல மாட்டார்கள்.

பந்தியில் பொம்பளைகள் வரிசையில் உட்கார்ந்தேன். அம்மா பாயச வாளியைத் தூக்கிக்கொண்டு தானே பரிமாற வந்தாள். என் இலைக்கு முன்னால் குனிந்தாள்.

“ஏதோ மாத்திர துன்றியாமே. உங்கண்ணன் இப்பதான் சொல்றான்.”

“ஆமாம்மா.”

“எம் மூஞ்சி வோணும்னா என்னாண்ட கேட்டிருக்கலாமே. மாத்திரையாண்ட எதுக்குப் போன?”

இலையில் இருந்த அப்பளத்தைத் தூள் தூளாக நொறுக்கினேன்.

அவள் கரண்டியை வாளிக்குள் விட்டுக்கொண்டே இன்னும் உற்றுப் பார்த்தாள். “மூக்கு மட்டும் அவரு மூக்கு. அதுக்கு மாத்திர இல்லியா?”

“இல்லம்மா. எலும்ப அது தொடாது.”

“இருக்கட்டும் வுடு. அவரும் கல்யாணத்துக்கு வந்தா மாரி கீது.”

இரண்டு கரண்டி பாயசம் ஊற்றிவிட்டு அடுத்த இலைக்குப் போய்விட்டாள். வூட்டுக்கு வா என்று சொல்லவில்லை. வராதே என்றும் சொல்லவில்லை. அந்த இரண்டுக்கும் நடுவில் பல வருஷம் ஓடியது. அதை இன்னொருத்தி கேட்டால் அவளையும் திட்டுவேன்.

மலை இறங்கும்போது பூக்காரக் கிழவி “வா மவளே” என்றாள். இந்தத் தடவை அவள் யாரைச் சொன்னாள் என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் பின்தெருப் பொம்பளைகள் எல்லாரும் ஆப்பக்கடைக்குப் பின்னால் கூடிவிட்டார்கள். பாதிப் பேருக்கு வயிறு முன்னால் வந்தது, ஆள் பின்னால் வந்தாள். ரோசாக் குச்சி நட்டபடியே நின்றிருந்தது, இலைகூட விடவில்லை.

“இன்னாடி, ஒரு வருசமா எங்க மாத்திரையெல்லாம் வாங்கி ஊத்தின. ஒரு பூவாவது பூத்துதா?”

“பூத்துதே. நேத்துதான் பூத்துது. குன்றத்தூர் மலைல.”

“இங்க நட்ட செடி மலைல எப்டிடி பூக்கும்?”

“பஸ்ஸுல போயிதான். டிக்கெட் எடுத்துக்கினு.”

அவர்களில் மூத்தவள் கொஞ்ச நேரம் குச்சியைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். கிட்டே வந்து என் கன்னத்துக்கு நேராகக் கையை நீட்டினாள். நான் முகத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டு சொன்னேன்:

“தொடாதக்கா, உதுந்துரும். இன்னும் முழுசா விரியல.”